கரண்டு வருகிற நேரம்

ஆவாரம்பாளையத்தில் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஓர் ஒற்றைக் கதவு. உள்ளே நுழைந்தால் முதலில் ஈயப் புகையும் ரோசின் வாசனையும் முகத்தில் அடிக்கும், பிறகுதான் ஆள் தெரியும். சுவரை ஒட்டி நீள மேசை. அதற்கு மேலே அலமாரியில் பழுதுக்கு வந்த மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஓர் அட்டை: அன்னூர், கருமத்தம்பட்டி, சுல்தான்பேட்டை. ஊர்ப் பெயர் மட்டும்தான். ஆள் பெயர் தேவைப்படுவதில்லை போலிருக்கிறது. மேசையின் இடது மூலையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் என்ன இருக்கிறது என்று அன்று காலை எனக்குத் தெரியாது.

என் பழைய டேப் ரெக்கார்டரில் பாட்டு இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. பெல்ட் மாற்றக் கொண்டுபோயிருந்தேன். “உக்காருங்க, அரை மணி நேரம்” என்றார் கடைக்காரர். அந்தக் கடையின் அரை மணி நேரம் மத்தியானத்தில்தான் முடியும் என்று எனக்கும் தெரியும். ஸ்டூலை வாசல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். பழுதுக் கடையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு நல்ல பொழுதுபோக்கு கிடையாது என்பது என் கட்சி.

கடைக்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்க அதைத் தேடுகிறவர். மேசையின் மறுமுனையில் டிப்ளமோ முடித்த ஒரு பெண். அவள் முன்னால் லேப்டாப், அதிலிருந்து கிளம்பும் ஒரு பட்டை வயர். அவள் அவரை அண்ணா என்கிறாள், அவர் அவளை அம்மிணி என்கிறார். டிரான்ஸ்பார்மர், கண்டன்சர், ரிலே எல்லாம் அவர் பொறுப்பு. சிப்பு அவள் பொறுப்பு. அவள் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறதாம். அதற்கு முன்னால் சிப்பு யார் பொறுப்பிலும் இல்லை.

பத்தரை மணிக்கு ஓர் எக்ஸெல் வந்து நின்றது. அறுபத்தைந்து வயதிருக்கும் பெரியவர், வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு. அந்தத் துண்டைத் தோளில் போடாமல் எதையோ சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு இறங்கினார். மேசை மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கழற்றிய போர்டு. மூன்று இலக்கம் காட்டும் சிவப்பு டிஸ்ப்ளே, நான்கு பட்டன், ஒரு டிரான்ஸ்பார்மர், நடுவில் சாக்கெட்டில் செருகிய 28 கால் சிப்பு.

“மறுக்காவும் அதே சோலிதானுங்க தம்பி” என்றார்.

கடைக்காரர் அட்டையைப் பார்க்காமலே சொன்னார்: “அன்னூருங்களா? போன ஐப்பசியில சிப்பு மாத்திக் குடுத்தனே.”

“அதுக்கு முந்தியும் ஒண்ணு மாத்துனீங்க. ரெண்டு சிப்பு ஆச்சு. நாலு மாசம் நல்லா இருக்குது, அப்புறம் கிறுக்குப் புடிச்சுக்குது. கரண்டு இருக்கறப்ப ஒண்ணும் பண்றதில்லீங்க. கரண்டு வர்றப்பத்தான் எல்லா அழிச்சாட்டியமும்.”

அழிச்சாட்டியம் என்னவென்று அவரே விவரித்தார். கரண்டு வந்து 30 நொடி கழித்து மோட்டார் எடுக்க வேண்டும், அப்படித்தான் செட்டிங். இப்போது நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. போய்ப் பார்த்தால் 30 இருந்த இடத்தில் 255 நிற்கிறது. திருத்தி வைத்தால் சில நாள் சரியாக இருக்கும், பிறகு மறுபடியும் 255. அது தொலையட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் போன வருஷம் ஓவர்லோடு செட்டிங் மாறிவிட்டது. 16 ஆம்பியருக்கு மேல் போனால் நிறுத்த வேண்டிய பெட்டி, 25.5 வரைக்கும் சும்மா இருந்தது. பத்துக் குதிரை மோட்டார், ஆயிரம் அடி போர். காயில் கருகி, குழாய் ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, ரீவைண்டிங் செய்து மறுபடி இறக்கிய கதையைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துபோயிற்று. தொகையைச் சொல்லவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேசை மேல் பிளக்கில் செருகி சுவிட்சைப் போட்டாள். டிஸ்ப்ளேயில் ஒரு கணம் அர்த்தமில்லாத கோடுகள் மின்னி மறைந்து, 255 என்று வந்தது. பட்டனை அமுக்கி 30 ஆக்கினாள். அணைத்தாள், போட்டாள். 30. அணைத்தாள், போட்டாள். 30. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது முறை. நாற்பது முறையும் பிள்ளையார் போல 30 அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“இங்க வந்தா நல்ல புள்ளயாட்டம் நடந்துக்குதுங்க” என்றார் பெரியவர். டாக்டர் முன்னால் காய்ச்சல் இறங்கிவிட்ட குழந்தையின் தகப்பன் பேசுகிற குரல்.

பட்டை வயரை மாட்டி லேப்டாப்பில் எதையோ படித்தாள். திரை முழுக்க இரண்டிரண்டு எழுத்தாக வரிசை. இவை ஈப்ராம் அறைகள். கரண்டு போனாலும் மறக்காத நினைவு அது. இந்தச் சிப்பில் 512 அறை. முதல் அறையில் 1ஈ என்று இருந்தது. பதினாறின் கணக்கில் எழுதிய 30. அடுத்ததில் ஏ0: 160, அதாவது 16.0 ஆம்பியர். மற்றவை பெரும்பாலும் எஃப்எஃப், எஃப்எஃப் என்று காலி. எட்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் எஃப்எஃப், அதுதான் 255. காலி அறையின் முகம் 255. யாரும் 255 என்று எழுதவில்லை. 30 அழிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

“அண்ணா, இந்த அறையப் பாருங்க. ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் ஒண்ணு கூடுது.”

கடைக்காரர் கண்ணாடியைத் தேடினார். நெற்றியிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

“எத்தன தடவ ஸ்டார்ட் ஆச்சுன்னு கணக்கு வெக்குதுண்ணா. அப்ப, கரண்டு வந்தவொடனே இது ஈப்ராம்ல எழுதுது. வந்தவொடனே!”

அந்த “வந்தவொடனே”வை அவள் சொன்ன விதத்தில் எனக்கே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. ஓர் அறையில் எழுத இந்தச் சிப்புக்கு 8.5 மில்லி விநாடி ஆகும். எழுதுவது என்றால் முதலில் பழையதை அழித்து எஃப்எஃப் ஆக்கி, பிறகு புதியதைப் பதிப்பது. சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதுவது மாதிரி. துடைத்த கையோடு கரண்டு போய்விட்டால் சிலேட்டு காலி. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. எழுதுவது எட்டாவது அறையில்; அழிவது முதல் அறையில். அவளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். பேனாவைக் கடித்துக்கொண்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள். 30.

பையன் டீ கொண்டுவந்தான். பெரியவர் சர்க்கரை வேண்டாம் என்றார், பிறகு சர்க்கரை போட்டதையே வாங்கிக் குடித்தார். கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போர்டைப் பார்க்காமல் பெரியவரைப் பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க, மோட்டார் ரூம்ல பல்பு இருக்குதுங்களா?”

“குண்டு பல்பு ஒண்ணு இருக்குதுங்க.”

“கரண்டு வர்றப்ப அது எப்படி எரியுதுங்க?”

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டீ டம்ளரைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டு, காலியான வலது கையைத் தூக்கினார்.

“பொசுக்குனு வரும். வந்து பளிச்சுனு எரியும். அப்படியே மங்கும் பாருங்க” – கை இறங்கியது – “மின்மினிப் பூச்சியாட்டம். அப்புறம் ஏறும், ஆனா முழுசா ஏறாது. மறுக்கா மங்கும். இப்படியே அரை நிமிசத்துக்குத் தள்ளாடிக்கிட்டு, அப்புறந்தான் நெதானத்துக்கு வரும்.”

“உங்க டிரான்ஸ்பார்மர்ல எத்தன மோட்டாருங்க?”

“இருவதுக்கு மேல இருக்குமுங்க. அல்லாரும் ஆட்டோலதான் போட்டிருக்கோம். ராத்திரி எப்ப வருதோ, எவன் முழிச்சுக்கிட்டு இருக்கறது?”

விவசாய மின்சாரம் இலவசமான மாநிலம் இது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாசன இணைப்புகள். மூன்று பேஸ் மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில் வீட்டுக்கு வீடு பரவியதுதான் இந்த ஆட்டோ: கரண்டு வந்ததும் ஆள் இல்லாமலே மோட்டாரை எடுத்துவிடுகிற பெட்டி. கரண்டு வந்த அரை நிமிஷத்துக்குள் இருபது மோட்டார்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்திருக்கும். எழுந்திருக்கும்போது ஒரு மோட்டார் தன் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். லைன் துவண்டுபோகும். அந்தத் துவளலில்தான் இருபது பெட்டிகளுக்குள்ளும் இருபது சிப்புகள் கண் விழித்துத் தங்கள் கணக்கை எழுதுகின்றன. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் எடுக்கிற நேரத்தில் இவர் தோட்டத்துப் பெட்டி புத்தி பேதலிக்கிறது. 1937-லேயே மின் மோட்டார் செய்த ஊர் என்று பெருமை பேசுகிற கோயம்புத்தூரின் மேசைமேல், சுத்தமான 230 வோல்ட்டில் நாற்பது முறை சோதித்தால் இது எப்படிப் பிடிபடும்?

கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து டிம்மர்ஸ்டாட்டை இழுத்தார். தலையில் பெரிய திருகுக் குமிழ் உள்ள, பானை அளவு இரும்புச் சாமான். குமிழைத் திருப்பினால் வோல்ட்டேஜ் ஏறும், இறங்கும். அதில் ஒரு குண்டு பல்பையும் போர்டையும் சேர்த்து மாட்டினார்.

“அம்மிணி, நீ திருப்பு. ஐயா, நீங்க கைய ஆட்டுங்க. பல்பு எப்படி எரியுமோ அதே மாதிரி.”

பெரியவருக்கு முதலில் கூச்சம். என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். பிறகு கையைத் தூக்கினார்.

அந்தக் காட்சியை நான் கடைசிவரை மறக்கமாட்டேன். ஈயக் கறை படிந்த மேசைக்கு இந்தப் பக்கம் அவர் கை ஏறி இறங்குகிறது, பாட்டு வாத்தியார் தாளம் காட்டுவது போல. அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் விரல் குமிழோடு திரும்புகிறது. நடுவில் பல்பு மங்குகிறது, தெளிகிறது. “இன்னும் கொஞ்சம் மங்கும் கண்ணு… ஆங்… அங்கயே நிக்கும்… இப்ப வெடுக்குனு ஏறும்.” மீட்டரில் 230 விழுந்து 160, ஏறி 190, மறுபடி 155. முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை டிஸ்ப்ளே அணைந்து வந்தது, 30. மூன்றாம் தடவையும் 30. நாலாம் தடவை பெரியவரே சொல்லாமல் கையை நடுவில் நடுங்கவிட்டார். தோட்டத்தில் ஏதோ ஒரு மோட்டாரின் நினைவு வந்திருக்க வேண்டும். அவள் குமிழும் கூடவே நடுங்கியது. டிஸ்ப்ளேயில் கோடுகள் கலைந்து கூடின.

255.

யாரும் கைதட்டவில்லை. “இதேதானுங்க” என்றார் பெரியவர், தொலைந்த மாட்டைச் சந்தையில் கண்டவர் போல.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கடைக்காரர் பெரிய கண்டன்சரைக் கழற்றினார். தலை உப்பவில்லை, கால் துருப்பிடிக்கவில்லை, பார்வைக்குப் புதுசு போலத்தான் இருந்தது. மீட்டரில் வைத்தார். 1000 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்த சாமான் 140 காட்டியது. தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் எட்டு வருஷ வெயிலில் உள்ளே இருந்த ஈரம் காய்ந்துவிட்டது. “தொட்டி தொட்டியாவே இருக்குது, உள்ள தண்ணிதான் நிக்கறதில்ல” என்றார் பெரியவரிடம். இதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிட முடியாது. டிரான்ஸ்பார்மரிலிருந்து நொடிக்கு 100 முறை இந்தத் தொட்டி நிரம்புகிறது. ஒரு நிரம்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 10 மில்லி விநாடி, தொட்டியில் இருப்பதை வைத்துத்தான் போர்டு ஓட வேண்டும். போர்டு 100 மில்லி ஆம்பியர் குடித்தால் நல்ல கண்டன்சரில் 1 வோல்ட் இறங்கும். காய்ந்ததில் ஏறக்குறைய 7 வோல்ட். லைன் 230 இருந்தால் அந்த 7 போனாலும் சமாளிக்கலாம். 160-க்கு வந்தால், சிப்புக்குப் போகிற 5 வோல்ட், நொடிக்கு 100 முறை பள்ளத்தில் விழுந்து எழும்.

பள்ளம் ஆழமாக இருந்திருந்தால்கூடத் தப்பித்திருக்கும். அதுதான் இதில் இருக்கிற விசித்திரம். கரண்டு முழுசாகப் போய் முழுசாக வந்தால் சிப்பு தானாகவே முதலிலிருந்து தொடங்கும். அதற்கென்று உள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வோல்ட்டேஜ் அதற்கென்று வைத்த ஓர் அடி எல்லைக்குக் கீழே ஒரு தடவையாவது இறங்கினால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்யும். மேலே 2.7 வோல்ட் இருந்தால் சிப்பு ஒழுங்காக ஓடும் என்று செய்தவர்கள் உத்தரவாதம் தருகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற இடைவெளிக்கு யாரும் பொறுப்பு இல்லை. சிப்பு தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. ஒரு கட்டளையைப் படிக்கும், வேறொன்றாகப் புரிந்துகொள்ளும். எட்டாவது அறை என்று சொன்னால் முதல் அறைக்குப் போகும்.

ஈப்ராமில் தப்பித் தவறி எழுதிவிடக் கூடாது என்று இரட்டைப் பூட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு பிட்டை ஏற்றி, அதிலிருந்து நான்கு துடிப்புக்குள் இன்னொன்றை ஏற்றினால்தான் எழுத்து நடக்கும். புரோகிராமில் அந்த இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் கோத்து ஒரே இடத்தில் தொங்குகின்றன. அரைத்தூக்கத்தில் நடக்கிற சிப்பு நேராக அந்த இடத்தில் போய் விழுந்தால் பூட்டு என்ன செய்யும்? இந்த ஏவிஆர் குடும்பத்துச் சிப்புகளின் கையேட்டில் ஈப்ராம் கெடுவதைத் தடுப்பது பற்றித் தனித் தலைப்பே உண்டு. காரணம் இரண்டு சொல்கிறார்கள்: எழுதுவதற்கே குறைந்தபட்ச வோல்ட்டேஜ் வேண்டும், அது குறைந்தால் மூளையே கட்டளையைத் தப்பாக நிறைவேற்றும். முதல் அறையில் எதையும் வைக்காதே என்று பழைய ஏவிஆர் ஆட்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். இந்தப் போர்டைச் செய்தவருக்கு அப்படி ஒரு பெரியவர் வாய்க்கவில்லை.

கரண்டு வந்த கணத்தில் மின்னி மறைந்த அந்த அர்த்தமில்லாத கோடுகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஈப்ராம் மறக்காத நினைவு என்றால், ராம் என்பது கரண்டு இருக்கிற வரைக்குமான நினைவு. அதில் ஒவ்வொரு பிட்டும் ஆறு டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு சீசா. கரண்டு வருகிற கணத்தில் அது ஒன்று பக்கம் சாயலாம், பூஜ்யம் பக்கமும் சாயலாம். செய்யும்போது நேர்ந்த கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தாழ்வுதான் எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறது. அதனால் ஒரே அச்சில் வார்த்த சிப்புகளானாலும் விழிக்கும்போது ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒரு கோலத்தோடு விழிக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் அதே கோலம். 2007-ல் இதையே சிப்பின் கைரேகையாகப் பயன்படுத்தலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். புரோகிராமின் முதல் வேலை அந்தக் கோலத்தை அழித்து வாசல் தெளிப்பது. பாதி இறங்கிப் பாதி ஏறிய கரண்டில் சிப்பு முதலிலிருந்து தொடங்குவதே இல்லையே. வாசல் யார் தெளிப்பது? நேற்றைய எண்ணில் பாதியும் கோலத்தில் பாதியும் சேர்ந்து கிடக்கிற ராமை வைத்துக்கொண்டு அது வேலையைத் தொடர்கிறது.

“அண்ணா, ஃபியூஸ் படிச்சேன். ஈ1. பிரவுன்-அவுட்டே போடல.”

பெரியவருக்கு அந்த ஒரு சொல் பிடிபட்டுவிட்டது. “பியூஸா? பியூஸ் கட்டையில புதுக் கம்பி இப்பத்தான் கண்ணு கட்டுனேன்.”

அவள் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. “அந்தப் பியூஸ் இல்லீங்க தாத்தா. சிப்புக்குள்ள சில சுவிட்சு இருக்கு. செய்யறவங்க ஒரு தடவ போட்டு விட்டுடணும். கரண்டு கொறஞ்சா எதுவும் பண்ணாம கைய கட்டிக்கிட்டு உக்காருன்னு சொல்ற சுவிட்சு ஒண்ணு. இதுல அதப் போடவே இல்ல.”

“போடறதுக்கு எவ்வளவு ஆவும்?”

“ஒண்ணும் ஆகாதுங்க.”

“ஒண்ணும் ஆகாததையா போடாம உட்டாங்க?”

அவள் பதில் சொல்லவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தச் சிப்பில் இந்தச் சுவிட்சு அணைந்தேதான் வருகிறது. போடுவதற்கு யாராவது நினைக்க வேண்டும். அதிலும் ஒரு குதர்க்கம்: இந்த ஃபியூஸ் பிட்டுகளில் 0 என்றால் போட்டாயிற்று, 1 என்றால் போடவில்லை. இந்தத் தலைகீழ் வழக்கை வைத்தவர் யாரோ, எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்தாரோ. ஈ1-இன் முதல் இரண்டு பிட்டும் ஒன்று. இரண்டையும் பூஜ்யமாக்கினால் 21. அவள் 21 என்று எழுதி என்டரைத் தட்டினாள். இனி சிப்புக்கு வருகிற வோல்ட்டேஜ் 4-க்குக் கீழே இறங்கினால் மூளை அப்படியே கைகட்டி நிற்கும். ஏறிய பிறகு முதலிலிருந்து தொடங்கும். போர்டைச் செய்தவர்கள் சிப்பைப் பூட்டாமலும் விட்டிருந்தார்கள். பூட்டியிருந்தால் புரோகிராமையே அழிக்காமல் ஃபியூஸை மாற்றியிருக்க முடியாது. ஓர் அலட்சியத்தின் புண்ணியத்தில் இன்னோர் அலட்சியத்தைத் திருத்தினாள்.

கடைக்காரருக்கு மட்டும் திருப்தி இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாமானைப் போடாமல் ஒரு பழுது தீர்ந்துவிட்டது என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1000 இருந்த இடத்தில் 2200 மைக்ரோஃபாரட், 105 டிகிரி கண்டன்சரைப் போட்டு, ஈயம் தாராளமாக விட்டுப் பற்றவைத்தார். அவர் செய்ததும் சரிதான். தொட்டியில் தண்ணீர் நின்றால் சிப்பு அடிக்கடி கைகட்ட வேண்டிய அவசியமே வராது.

“ஐயா, மறுக்கா ஒருக்கா கைய ஆட்டுங்க.”

இந்தத் தடவை பெரியவருக்குக் கூச்சம் போய்விட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றே ஆட்டினார். மங்கினார், ஏறினார், நடுங்கினார். வெளுத்த புருவம் இரண்டும் கூடவே ஏறி இறங்கின. போர்டு இரண்டு தடவை அணைந்து எழுந்தது. பத்து, இருபது, முப்பது தடவை. டிஸ்ப்ளேயில் 30. கையை இறக்கித் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அவள் ஓவர்லோடு செட்டிங்கையும் பார்த்து, மார்க்கரால் ஒரு சீட்டில் 30, 16.0 என்று எழுதி, பெட்டியின் மூடிக்குள் ஒட்டச் சொல்லிக் கொடுத்தாள்.

“எவ்வளவுங்க தம்பி?”

“இருநூத்தம்பது குடுங்க.”

“பாருங்க, அதுவும் 255-க்குக் கிட்டத்தான் வருது” என்று சொல்லிக்கொண்டே எண்ணி வைத்தார். போர்டைத் துண்டில் சுற்றினார். எக்ஸெல்லை உதைத்துக் கிளப்பும்போது திரும்பி, “சிப்பு மாத்தலியே, நிக்குமுங்களா?” என்றார்.

“நிக்குமுங்க.”

அவர் போனார். கடைக்காரர் என் டேப் ரெக்கார்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியைக் கழற்றினார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் வேலை செய்யவில்லை. இடது மூலையில் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, அவருக்கு மாத்துன பழைய ரெண்டு சிப்பும் இதுலதான் இருக்கும், இல்லீங்களா?”

“செத்துப்போனதெல்லாம் அதுலதான் போடறது.”

அவள் டின்னைத் திறந்து ஒரு தாளில் கவிழ்த்தாள். கறுப்பு மரவட்டைகள் போல 28 கால் சிப்புகள், கால்கள் கோணிப்போய், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்றை எடுத்து இடுக்கியால் கால்களை நிமிர்த்திச் சாக்கெட்டில் செருகினாள். விசையைத் தட்டினாள். திரையில் 1ஈ 93 07 என்று வந்தது. செத்த சிப்பு தன் பெயரைச் சொல்லாது. புரோகிராம் முழுசாக இருந்தது. ஈப்ராமின் முதல் அறையில் எஃப்எஃப். கழற்றி வலது பக்கம் வைத்தாள். அடுத்ததைச் செருகினாள். 1ஈ 93 07. முதல் அறையில் எஃப்எஃப். அதற்கடுத்ததும். நாலாவது பேசவில்லை, அதை இடது பக்கம் வைத்தாள். ஐந்தாவது பேசியது. புதுச் சிப்பில் செட்டிங்கும் புதுசாக இருக்கும். அதனால் மாற்றிய அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

வலது பக்க வரிசை நீண்டுகொண்டே போனது. கடைக்காரர் என் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பட்டறையில் லேத்து ஒன்று எடுத்தது. டியூப்லைட் ஒரு தடவை மங்கித் தெளிந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கம்பெனிக்காரன்கிட்ட ஒரு சிப்பு 350-க்கு வாங்குவோம்” என்றார், யாருக்கும் சொல்லாதது போல. “நல்லது எத்தன அம்மிணி?”

“இன்னும் முடியலண்ணா. இதுவரைக்கும் 23.”

சுவரிலிருந்த காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தார். பின்பக்கம் திருப்பி மேசைமேல் வைத்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து 23 × 350 என்று எழுதினார். கீழே கோடு போட்டார். பெருக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் டேப் ரெக்கார்டருக்குள் குனிந்தார்.